செஞ்சிக்கு ஒரு சுப்புடு வேணும்

2025 ஜூலையில யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாலும் சேர்த்தது, எங்க ஊரைப் பத்தி எங்கே பேச்சு வந்தாலும் கோட்டை கோட்டைன்னுதான் இருக்கு. மராட்டியர் காலத்து ராணுவ அமைப்புகள் என்ற வகையில் மொத்தம் 12 கோட்டைகளைச் சேர்த்திருக்காங்க. 11 மகாராஷ்டிராவில். மிச்சம் ஒண்ணே ஒண்ணு நம்ம செஞ்சி. காலரைத் தூக்கி விட்டுக்கலாம், தப்பில்லை :-)

ஆனா இந்தப் பதிவு கோட்டையைப் பத்தி இல்லை. சுத்துப்பட்டு கிராமங்களில், ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கிற தெருக்கூத்தைப் பத்தி. இன்னும் குறிப்பாச் சொன்னா, அந்தக் கூத்துப் பாட்டைப் பத்தி எழுதறதுக்கு ஆட்களைத் தயார் பண்றது பத்தி. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. செஞ்சியைச் சுத்தித் திரௌபதி அம்மன் கோயில்கள் ஏராளம். பக்கத்துல இருக்கிற மேலச்சேரி கோயில்தான் எல்லாத்துக்கும் மூலம்னு ஒரு நம்பிக்கை உண்டு. திருவிழா வந்தா பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டை ராகம் போட்டுப் பாடிக் கதை சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தா வரும். அர்ச்சுனன் தபசு, படுகளம், கடைசியில் தீமிதி. கூத்து நடக்கிற இடத்துல பின்னால பெஞ்சு போட்டு ஆர்மோனியம், மிருதங்கம் இல்லேன்னா டோலக், தாளம், முகவீணை. முகவீணைன்னா வீணை இல்லீங்க. நாகஸ்வரத்தோட சின்னத் தம்பி, சீவாளி வெச்சு ஊதறது. கூத்துக்காரர் உச்ச ஸ்தாயியில் பாடும்போது அவர் குரலுக்கும் மேல ஏறி நிக்கும் பாருங்க ஒரு சத்தம், அதுதான் அது. அதை வாசிக்கிறவங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வராங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

திரௌபதி வழிபாட்டைப் பத்தி உலகம் முழுக்க ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டற புத்தகம் ஒண்ணு இருக்கு. எழுதினவர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். முதல் தொகுதி 1988லயும் இரண்டாவது 1991லயும் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடா வந்தது. முதல் தொகுதியோட துணைத் தலைப்பு என்ன தெரியுமா? தமிழில் சொன்னா, 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை'! புத்தகத்தோட அட்டையிலேயே எங்க ஊர் பேர். 1990ல் ரிச்சர்ட் ஃப்ராஸ்கா என்ற இன்னொரு அமெரிக்கர் தெருக்கூத்து பத்தி எழுதின புத்தகம் ஹவாயிலிருந்து வந்தது. 1999ல் நெதர்லாந்துக்காரரான ஹன்னா டி ப்ரூயின் கட்டைக்கூத்து பத்தி எழுதினாங்க. எல்லாமே இங்கிலீஷ். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டு இதுல ஒண்ணையாவது படிச்ச ஆளைத் தேடினீங்கன்னா, திருவண்ணாமலை பஸ் நாலு போயிடும்.

இவங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை. கடல் தாண்டி வந்து, பாஷை கத்துக்கிட்டு, ராத்திரியெல்லாம் கண் முழிச்சு எழுதினவங்க. கும்பிடத்தான் தோணுது. என் ஆதங்கம் வேற. ஆராய்ச்சிப் புத்தகங்களில் 'தகவலாளர்'னு ஒரு சொல் வரும். கவனிச்சிருக்கீங்களா? பாட்டு அவருக்குத் தெரியும், கதை அவருக்குத் தெரியும், எந்த இடத்துல தாளம் மாறும்னும் அவருக்குத்தான் தெரியும். ஆனா புத்தகத்துல அவர் இருக்கிற இடம் நன்றியுரை. எங்க பக்கத்து ஆட்கள் அம்பது வருஷமாத் தகவலாளராவே இருக்காங்க. கூத்துக்காரர் வீட்டுப் பையனும் பொண்ணும் இன்னைக்கு பி.ஏ., எம்.ஏ.ன்னு படிச்சிருக்காங்க. அப்பா பாடினதை அவங்க ஏன் எழுதக் கூடாது? 'தகவலாளர்' வீட்டிலிருந்து ஒரு ஆசிரியர் வரணும். இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அது எப்படி நடக்கும் என்ற கணக்கு.

முதல்ல ஒரு கேள்வி. தமிழில் இசை பத்தி எழுதறவங்களுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. ஆனா யார் யார் எழுதினாங்கன்னு பாருங்க, சுவாரஸ்யமா இருக்கும்.

1917ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர். கைக்காசு போட்டு இசை மாநாடுகள் நடத்தினவர். 1947ல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் துறவி. மட்டக்களப்புப் பக்கம் காரைதீவுக்காரர், படிச்சது விஞ்ஞானம். 'கர்நாடகம்'ங்கற பேர்ல ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதின கல்கி பத்திரிகைக்காரர், கதாசிரியர். சுப்புடு டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கிட்டே வித்வான்களை நடுங்க வெச்சவர். தெருக்கூத்துக்கு நகரத்து மேடையில் மரியாதை வாங்கிக் கொடுத்து, அதைப் பத்தி 'அன்று பூட்டிய வண்டி'யில் எழுதின ந. முத்துசாமி சிறுகதைக்காரர். ஏன், நம்ம காலத்துலயே வலையில் எழுதிக்கிட்டிருந்த லலிதாராம், பழனி சுப்ரமணிய பிள்ளையைப் பத்தி 'துருவ நட்சத்திரம்'னு ஒரு முழுப் புத்தகமே போட்டார்.

என்ன தெரியுது? முக்கால்வாசிப் பேர் நம்ம ரகம்! சோத்துக்கு ஒரு வேலை, சொந்த ஆசைக்கு இசை எழுத்து. பதிவர்களாகிய நாம பெருமைப்படலாம். ஆனா அதுலயே ஒரு சிக்கலும் இருக்கு. இவங்க யாரையும் யாரும் இதுக்குன்னு உருவாக்கலை. பண்டிதருக்கு வைத்தியத்துல காசு வந்தது, கல்கிக்குக் கையில் பத்திரிகை இருந்தது, சுப்புடுவுக்கு மாசச் சம்பளம் வந்தது. எல்லாம் அதிர்ஷ்டவசமா அமைஞ்சது. தஞ்சாவூருக்கும் மயிலாப்பூருக்கும் அப்படி அமைஞ்சிடும். செஞ்சிக்கு அமைய எத்தனை வருஷம் காத்திருக்கறது?

'அதான் இசைப்பள்ளி இருக்கே'ன்னு கேப்பீங்க. இருக்கு. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. பாட்டு, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் இப்படிச் சொல்லித் தர்ற பள்ளிகள் அவை. நல்ல விஷயம். ஆனா பாடவும் வாசிக்கவும் ஆடவும்தான் பாடம். கேட்டதை எழுதறதுக்குப் பாடம் கிடையாது. கூத்துக்குன்னு பார்த்தா, பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் காஞ்சிபுரம் பக்கம் 2002லிருந்து 2020 வரைக்கும் ஒரு குருகுலம் நடத்தினாங்க. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒண்ணா. பொண்ணுங்களும் ஆடினாங்க. ஆடறவங்களை உருவாக்க அப்படி ஒரு முயற்சி நடந்த மாதிரி, எழுதறவங்களை உருவாக்க ஏதாவது நடந்திருக்கான்னு யோசிச்சுப் பாருங்க.

காலேஜ் பக்கம் போனா இன்னொரு கூத்து :-) தமிழ்த்துறை ஆளுங்க நாட்டார் பாடல் தொகுப்பு போடுவாங்க. அதுல வரி இருக்கும், மெட்டு இருக்காது. இசைத்துறைக்காரங்க மெட்டை ஸ்வரப்படுத்துவாங்க. ஆனா பெரும்பாலும் கீர்த்தனையோட நின்னுடுவாங்க. கூத்துப் பாட்டு ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல கீழே விழுந்துடுது. எங்க ஊர் தேசிங்கு ராஜனையே எடுத்துக்குங்க. 1714ல் ஆற்காட்டு நவாப் படையோட சண்டை போட்டுச் செத்துப்போன ராஜா. கோட்டையோட சரித்திரத்தை சி.எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரி 1943லேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மூலமா எழுதிட்டார். தேசிங்கு ராஜன் கதைப்பாட்டும் 'பெரிய எழுத்து' புத்தகமா அச்சில் வந்தாச்சு. 1960ல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்துக்கு ஜி. ராமநாதன் போட்ட பாட்டுகூட நினைச்ச நேரத்துல கேக்கலாம். ஆனா அந்தக் கதைப்பாட்டை ஊர் ஊராப் பாடினாங்களே, எந்த மெட்டில் பாடினாங்க? எங்கே நிறுத்தினாங்க? சண்டை வரும்போது தாளம் வேகமாச்சா, இல்லை பாட்டை விட்டுட்டு வசனத்துக்குப் போனாங்களா? இதைக் கேட்டு எழுதறதுதான் இசை எழுத்தாளன் வேலை. கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. அரபு நாடுகளில் இதே கதை நூறு வருஷமா ஓடுது. 1932ல் எகிப்து ராஜா ஃபுவாத் கெய்ரோவில் ஒரு பெரிய அரபு இசை மாநாடு கூட்டினார். ஹங்கேரியிலிருந்து பார்டோக், ஜெர்மனியிலிருந்து ஹார்ன்பாஸ்டல், லாக்மன்னு பெரிய பெரிய தலைகள் வந்தாங்க. குழுக்கள் போட்டு விவாதம் நடந்தது. பியானோவை அரபு இசையில் சேர்த்துக்கலாமா கூடாதான்னு அடிச்சுக்காத குறை. ஐரோப்பாக்காரங்க பல பேர் 'பழசு பழசாவே இருக்கட்டும்'னு சொல்ல, எகிப்துக்காரங்க பல பேர் 'பியானோ வந்தாத்தான் முன்னேற்றம்'னு சொன்னாங்களாம். நம்ம கூத்து மேடைக்கு ஆர்மோனியம் வந்த கதையை இதோட வெச்சுப் பார்க்கலாம். வெளியூர்க்காரருக்கு அது கெட்டுப்போன பழசு. கூத்துக்காரருக்கு அது ராத்திரி முழுக்கச் சுருதி தாங்கற துணை.

அந்த மாநாட்டில் உருப்படியா ஒரு காரியம் செஞ்சாங்க. நிறையப் பாட்டை இசைத்தட்டில் பதிவு பண்ணினாங்க. ஈராக்கிலிருந்து முகமது அல்-குபாஞ்சி ஒரு குழுவோட வந்து பாடினார். அந்தக் குழுவில் ஊது என்ற நரம்பு வாத்தியம் வாசிச்சவர் எஸ்ரா அகரோன்னு 90 வருஷம் கழிச்சு இங்கே உட்கார்ந்துக்கிட்டு என்னால் எழுத முடியுது. ஏன்னா அன்னைக்கு ஒருத்தர் பேரைக் குறிச்சு வெச்சார். அதுக்கப்புறம் வந்த தலைமுறை இன்னும் ஒரு படி போச்சு. லெபனானில் 2009ல் 'அமார்'னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சுப் பழைய அரபு இசைத்தட்டுகளைச் சேகரிக்கிறாங்க. 'மஆஸிஃப்'னு இணையத்தில் ஒரு இசை இதழ், அரபு மொழியிலேயே. இளசுங்களைக் கூப்பிட்டு இசை பத்தி எழுதப் பழக்கறதும் அந்தப் பக்கம் நடக்குது. நம்ம பாட்டைப் பத்தி நம்ம பாஷையில் நம்ம பசங்களே எழுதணும்னு அவங்களுக்குத் தோணியிருக்கு. நமக்கும் தோணலாமே?

சரி, செஞ்சியில் இப்படி ஒரு பயிற்சி வெச்சா எப்படி இருக்கணும்? என் யோசனைகள் இதோ. திருத்தம் இருந்தா தாராளமாச் சொல்லுங்க.

1) முதல் ஆறு மாசம் பேனாவைத் தொடக் கூடாது. கேக்கணும். ஒரே ஜமாவோட ஒரு சீசன் முழுக்கப் போகணும். விருத்தம் எங்கே முடியுது, தரு எங்கே எடுக்குது, பின்பாட்டு எந்த வரியைத் திருப்பிப் பாடுது, கட்டியங்காரன் வந்தா தாளம் என்னாகுதுன்னு கையால் தட்டிக் காட்டத் தெரியணும். கூடவே ஆர்மோனியமோ முகவீணையோ ஏதாவது ஒண்ணைத் தப்புத் தப்பாகவாவது வாசிக்கக் கத்துக்கணும். சமையல் தெரியாம ஓட்டல் விமர்சனம் எழுதலாம். தாளம் போடத் தெரியாம கூத்து விமர்சனம் எழுத முடியாது.

2) ஒரு நோட்டு. தேதி, ஊர், கோயில், என்ன கதை, எத்தனை கட்டை சுருதி, யார் எந்த வேஷம், யார் எந்த வாத்தியம். திரை பிடிச்சவர் பேர் உட்பட. போனில் பதிவு பண்ணினா முதல்ல அனுமதி கேக்கணும், ரெண்டு இடத்துல காப்பி வைக்கணும்.

3) வாத்தியார்கிட்டப் பேசத் தெரியணும். விடிய விடிய ஆடிட்டுப் படுத்தவரைக் காலை எட்டு மணிக்குப் போய் எழுப்பக் கூடாது (நடக்குதுங்க இது!). 'எத்தனை வருஷமா ஆடறீங்க'ன்னு எல்லாரும் கேட்டாச்சு. 'கர்ணன் சாகற இடத்துல ஏன் அந்த ராகத்தை எடுத்தீங்க'ன்னு கேட்டுப் பாருங்க, அவர் எழுந்து உட்கார்ந்துடுவார். அவரோட நேரத்துக்குப் பணம் தரணும். எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டி, 'இது தப்பு'ன்னு சொன்னா மாத்தணும்.

4) நூலகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994லிருந்து இருக்கு. பழைய பாட்டுப் புஸ்தகங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் வரணும். மேலே சொன்ன இங்கிலீஷ் புத்தகங்களையும் விடக் கூடாது. ஆளுக்குப் பத்துப் பக்கம் தமிழில் சொல்லிப் பார்த்து, அதைக் கூத்துக்காரர் முன்னால வாசிக்கணும். வெள்ளைக்காரர் சரியாப் புரிஞ்சுக்கிட்டாரா இல்லையான்னு அப்போ தெரியும்.

5) ஒரு எடிட்டர். இரக்கமே இல்லாதவரா இருந்தா உத்தமம். முதல் நாளே 'தேன், அமுதம், தெய்வீகம், மெய்மறந்தேன்' நாலையும் தடை செஞ்சிடணும். நீங்க மெய்மறந்தா நோட்டுல யார் எழுதுவா?

6) காசும் பேரும். எழுதறவங்களுக்கு ஒரு வருஷம் சின்ன உதவித்தொகையாவது வேணும். கட்டுரையில் அவங்க பேர் முழுசா வரணும். வேற யாரோ எழுதற ஆய்வுக்குத் தகவல் சேகரிச்சுக் கொடுக்கிற எடுபிடியா அவங்களை ஆக்கிட்டா, பழைய கதைதான் திரும்பவும்.

இதை யார் நடத்தறது? ஒரு காலேஜ் தமிழ்த்துறையும் விழுப்புரம் இசைப்பள்ளியும் ரெண்டு மூணு ஜமா வாத்தியார்களும் ஒரு ரூமில் உட்கார்ந்தா போதும். ஏசி ஹால், ஃப்ளெக்ஸ் பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து ரெண்டு பேர் நின்னாக்கூட லாபம்தான்.

இனி நீங்க கேக்கப் போற கேள்விகள். (பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கறேன்.)

'யூட்யூபில்தான் விடிய விடியக் கூத்து இருக்கே, எதுக்கு எழுதணும்?' இருக்கு, மணிக்கணக்கா இருக்கு. 'தெருக்கூத்து பாகம் 3'ன்னு தலைப்பு இருக்கும். முகவீணை வாசிச்சது யாருன்னு தேடிப் பாருங்க. பாதிக்கு மேல இருக்காது. எந்த ஊர்த் திருவிழான்னும் இருக்காது. கெய்ரோக்காரங்க 1932ல் செஞ்சதை, கையில் கேமராவோட இருக்கிற நாம செய்யலை.

'எழுத்தில் வந்தா கலை உறைஞ்சு போயிடும்.' இது நல்ல கேள்வி. ஆனா 1904ல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை ஸ்வரக் குறிப்போட அச்சுல கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதர் கிருதி செத்தா போச்சு? இன்னைக்கும் அதை வெச்சுக்கிட்டுச் சண்டை போட்டுக்கிட்டுத்தானே பாடறாங்க. எழுத்து இருந்தா சண்டை போடவாவது ஒரு ஆதாரம் இருக்கும்.

'கூத்துக்காரருக்கே சோத்துக்கு வழியில்லை, எழுதறவனுக்குப் பயிற்சியா?' இதுதான் என்னைத் தூங்க விடாத கேள்வி. ஒரு கட்டுரை யாருக்கும் சோறு போடாது, ஒத்துக்கறேன். ஆனா யாருக்கு விருது, யாருக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகை, எந்த ஜமாவுக்கு வெளிமாநில அழைப்புன்னு முடிவு பண்ற மேஜையில் எல்லாம் காகிதம்தான் பேசுது. நாப்பது வருஷம் முகவீணை ஊதினவர் கையில் தன்னைப் பத்தி ஒரு பக்கம் எழுத்துகூட இல்லைன்னா, அந்த மேஜையில் அவர் கலைஞரே இல்லை. சென்னைப் பாடகருக்கு அறிமுக வருஷத்திலேயே விமர்சனம் கோப்பு கோப்பாச் சேர்ந்துடுது. வித்தையில் இவர் எந்த விதத்துல குறைச்சல்? எழுத ஆள் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். அதுக்குப் பின்னால சாதி இருக்கு, ஊர் இருக்கு, பாஷை இருக்கு. பயிற்சியால் இது அத்தனையும் மாறிடும்னு நான் சொல்லலை. முதல் கதவு அதுதான்னு சொல்றேன்.

சுப்புடுன்னு தலைப்பு வெச்சதுக்குக் காரணம், திட்டறதுக்கு ஆள் வேணும்னு இல்லை. காது உள்ள ஆள். நேத்து ராத்திரி நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லத் துணிஞ்ச ஆள். கூத்தை 'ஐயோ பாவம், அழிஞ்சு வரும் கலை'ன்னு பரிதாபப்பட்டே எழுதறாங்களே, அதுக்கு மாத்தா அதைக் கலையா மதிச்சு, குத்தம் குறை சொல்லி எழுதற ஆள். அந்த சுப்புடு, கூத்துக்காரர் வீட்டுப் பொண்ணா இருந்தா இன்னும் விசேஷம்.

பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பயிற்சியெல்லாம் வர்றப்போ வரட்டும். இந்த வருஷம் உங்க ஊர்த் திருவிழாவில் ஒரே ஒரு ராத்திரி உட்காருங்க. கூத்தோ, வில்லுப்பாட்டோ, நையாண்டி மேளமோ, பறையோ, எதுவானாலும் சரி. வாசிச்சவங்க பாடினவங்க பேரைக் கேட்டுக் குறிச்சு, அவங்க அனுமதியோட ஒரு பதிவு போடுங்க. எந்த ஊர், எந்தத் தேதி, என்ன பாடினாங்க, உங்க காதுக்கு எது பிடிச்சது, எது பிடிக்கலை. இவ்வளவு போதும். சுட்டியைப் பின்னூட்டத்தில் கொடுங்க, நான் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கிறேன்.

பி.கு.: நாலு தடைச் சொற்கள் நம்ம பதிவுகளுக்கும் உண்டு. 'மெய்மறந்தேன்'னு எழுதி அனுப்பினா திருப்பி அனுப்பப்படும் :-)